முப்பது அங்குலக் குழல்: பெரியப்பாவின் துவக்கை என்ன செய்வது?

பெரியப்பாவின் ஒற்றைக்குழல் துவக்கை அளப்பதற்கு வீட்டில் கிடைத்தது பெரியம்மாவின் தையல் நாடாதான். உள்ளே தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, துவக்கை மூடி, வாய்ப்பக்கமாக ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை இறக்கி, அது அடியில் தட்டிய இடத்தில் பேனாவால் குறியிட்டு எடுத்து நாடாவை வைத்தோம். குழல் 30 அங்குலம். தோளில் பதியும் மரக்கட்டையான பிடங்கின் அடியிலிருந்து வாய்வரை முழுத் துவக்கும் 46 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். பிடங்கில் அவருடைய கன்னம் பட்டுப் பட்டு மெருகேறிய ஓரிடம் இருந்தது. அதற்கு நேர் கீழே, இரும்பில், அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருந்த அதே இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. முப்பத்தோராம் நாள் கருமம் முடிந்த மறுநாள் நடந்தது இது. அதற்கடுத்த நாள் துவக்கு பொலிஸ் நிலையத்துக்குப் போய்விட்டது.

அளக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு யோசனை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்களுக்கு இருக்கும் வயல் காட்டோரத்து வட்டையில், அதாவது வயல்வெளியில், இருக்கிறது. நெற்கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலிருந்து அறுவடை வரை பன்றி இறங்காத இரவு குறைவு, சில கிழமைகளில் யானையும் வரும். பெரியப்பாவுக்குப் பின் வட்டையைப் பார்க்கப்போகும் அண்ணனிடம், பக்கத்து வயல்காரர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "தம்பி, இந்த நீளத்துக்குப் பரணுக்குள்ள திருப்பேலா, மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோறதும் கஷ்டம். ஒரு அடி வெட்டிவிட்டா கைக்கு அடக்கமா இருக்கும்." அண்ணன் என்னைப் பார்த்தார். மாவட்டச் செயலகத்துக்குக் கடிதம் எழுதுவதும் படிவம் நிரப்புவதும் வீட்டில் என் வேலை என்பதால், முடிவுக்கு வரக்கூடிய வழிகளை ஒப்பிட்டு எழுதித் தரும்படி சொன்னார். அப்படி எழுதியதைத்தான், எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்கும் உதவலாம் என்று, சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில், துவக்கு யாருடையது என்ற கேள்வி. நெல்வயலையும் மாட்டையும் போலத் துவக்கும் வாரிசுக்குத் தானாக வந்து சேரும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் ஆகும். அந்தச் சட்டத்தின் கண்ணில் அனுமதி என்பது குறிப்பிட்ட ஒரு மனிதர் குறிப்பிட்ட ஒரு துவக்கை வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு ஆண்டு கொடுக்கப்படுவது. டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகும், புதுப்பித்தால்தான் தொடரும். அனுமதி பெற்றவர் இறந்துவிட்டால், அலுமாரிக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருக்கும் பொருள், எவ்வளவு பழகிய பொருளாக இருந்தாலும், அனுமதியில்லாத ஆயுதமாகிவிடுகிறது. ஆகவே "இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற வழியை நாங்கள் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. துவக்கைப் பொலிஸில் கையளித்து, இலக்கத்தோடு எழுதிய பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்றப் பேச்சு.

கையளிப்பதில் எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு தயக்கம் உண்டு, அது காரணமில்லாததும் அல்ல. 1980களில் படுவான்கரையிலும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் அனுமதியோடு இருந்த துவக்குகளில் பல ஒன்று இயக்கங்களின் கைக்குப் போயின, அல்லது பாதுகாப்புக்கென்று பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்கப்பட்டுத் திரும்பாமற் போயின. எங்கள் பாட்டனாரின் துவக்கு அப்படிப் போனதுதான். பெரியப்பா யுத்தம் முடிந்த பின்னர் புதிதாக விண்ணப்பித்து, நெடுங்காலம் அலைந்து பெற்ற துவக்கு இது. அதை மீண்டும் ஒருமுறை மேசைக்கு அப்பால் கொடுப்பது பெரியம்மாவுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால் பற்றுச்சீட்டோடு கொடுத்த துவக்கைக் கேட்டுப் பெற ஒரு வழி இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் வீட்டில் பிடிபடும் துவக்குக்கு இருப்பது வழக்கு மட்டுமே.

இனி அந்த வெட்டும் யோசனை. நான் எதிர்பார்த்ததைவிட இதில் சொல்ல வேண்டியது கூடுதலாக இருந்தது, ஏனென்றால் உலகின் பல நாடுகள் துவக்கின் மற்ற எந்த அளவையும்விடக் குழலின் நீளத்தைப் பற்றியே நுணுக்கமாகச் சட்டம் எழுதி வைத்திருக்கின்றன.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன்கள் சட்டம் 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ஷாட்கன்னை, அதாவது சன்னங்கள் எனப்படும் சிறு குண்டுகளை ஒன்றாகச் சுடும் பெரியப்பாவுடையதைப் போன்ற துவக்கை, இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பட்டியலில் வைத்தது. வெட்டப்பட்டு முழு நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே இறங்கியதும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒன்றை வாங்க விரும்புபவர் அதைக் கூட்டாட்சி அரசில் பதிவு செய்து 200 டொலர் வரியும் கட்ட வேண்டியிருந்தது. அக்காலத்தில் அந்த வரி பெரும்பாலும் துவக்கின் விலையையே விஞ்சியது. இந்தச் சட்டத்தின் பிறப்பில் ஒரு வினோதம் உண்டு. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்களின் கையிலிருந்த கைத்துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துவதே முதல் வரைவின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் ஆட்கள் நீளத் துவக்கை வெட்டிக் கைத்துப்பாக்கி ஆக்கிக்கொள்வார்கள் என்பதற்காகவே குறுங்குழல் துவக்குகளும் அதில் சேர்க்கப்பட்டன. பின்னர் வந்த எதிர்ப்பில் கைத்துப்பாக்கி சட்டத்திலிருந்து விடுபட்டது. அதற்குக் காவலாகப் போட்ட விதி மட்டும் தங்கிவிட்டது. வேலிக்குள் இருந்த பயிரைப் பிடுங்கிவிட்டு வேலியை அப்படியே விட்டதைப் போன்றது அது. அமெரிக்கர் பலர் இன்றும் இதைச் சொல்லியே அந்த விதியைக் குறை கூறுகிறார்கள். குறையில் நியாயம் இருக்கிறது என்றே எனக்கும் படுகிறது.

ஆனாலும் விதி நின்றது. ஜாக் மில்லர், பிராங்க் லேட்டன் என்ற இருவர் 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய, பதிவு செய்யப்படாத ஒரு இரட்டைக்குழல் துவக்கை ஒக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டு சென்றதற்காக 1938இல் பிடிபட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1939 மே மாதம் அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பானது: இத்தகைய துவக்குக்கும் ஒழுங்கமைந்த மக்கள் படையின் தேவைக்கும் நியாயமான தொடர்பு உண்டென்பதற்குச் சான்று இல்லாத நிலையில், ஆயுதம் வைத்திருக்கும் அரசியலமைப்பு உரிமை இதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். அந்தச் சான்றை முன்வைக்க எதிர்த்தரப்பில் ஒரு வழக்கறிஞரும் வந்து நிற்கவில்லை. தீர்ப்புக்கு முந்திய மாதமே மில்லர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்த 200 டொலர் வரி 2026 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து குறுங்குழல் துவக்குகளுக்குச் சுழியமாக்கப்பட்டுவிட்டது. பதிவு செய்யும் கடமை நீங்கவில்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் இவற்றைச் சாதாரண மக்களுக்குத் தடை செய்தே வைத்திருக்கின்றன.

பிரித்தானியாவின் எல்லை இதைவிடக் கடுமையானது. 1968ஆம் ஆண்டின் சுடுகலன்கள் சட்டத்தின்படி, சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வைத்திருக்கக்கூடிய துவக்கின் குழல் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஷாட்கன் குழலை அந்த அளவுக்குக் கீழே வெட்டுவது, வெட்டிய துவக்கை யாரும் எதற்கும் பயன்படுத்தாவிட்டாலும், அந்தச் செயலளவிலேயே குற்றம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவில், துப்பாக்கிக் குழலைக் குறுக்குவதையும் பொம்மைத் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக மாற்றுவதையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, தனி அனுமதி இல்லாமல் இரண்டையும் செய்யக் கூடாதென்கிறது. குறுக்குதல் என்பது பழுதுபார்த்தல் அல்ல, புதிதாக ஒன்றை உண்டாக்குதல் என்று சட்டம் கருதுவதை இந்தச் சேர்க்கையே காட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் கனடாவில் இருக்கும் மச்சானின் வாட்ஸப் குரல் செய்தி ஒன்று வந்து எங்கள் பேச்சைக் கலைத்தது. அங்கே கட்டைக் குழல் துவக்கு கடையில் விற்கிறார்கள், சட்டப்படியே வாங்கலாம், நீங்கள் ஏன் பயப்படுகிறீர்கள் என்றார். அவர் சொன்னது பாதி சரி. கனடாவின் சட்டம் தொழிற்சாலையிலிருந்தே குறுகலாக வந்த துவக்கையும் பின்னர் வெட்டப்பட்ட துவக்கையும் வேறு வேறாகப் பார்க்கிறது. ரைபிளையோ ஷாட்கன்னையோ வாளால் அறுத்தோ வேறு விதமாகவோ மாற்றி, முழு நீளம் 660 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலும், அல்லது அதற்குக் குறையாவிட்டாலும் குழல் 457 மில்லிமீற்றருக்குக் குறைந்தாலும், அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். 457 மில்லிமீற்றர் என்பது அதே 18 அங்குலந்தான். ஆக, மச்சான் கடையில் பார்த்த துவக்கு சட்டப்படியானது. எங்கள் பக்கத்து வயல்காரர் சொன்ன வேலையை மச்சான் தன் வீட்டுக் கராஜில் செய்தால் அவரும் சிறை வாசலைப் பார்க்க வேண்டியதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே குறுங்குழல் துவக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பொலிஸாருக்கும் செய்தி வாசிப்பவர்களுக்கும் நினைவுக்கு வருவது விவசாயி அல்ல, கல்கட்டஸ். பன்னிரண்டு போர் (12 bore) என்ற குழல் அளவுக்கான தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய, இடுப்பில் செருகும் அளவிலான உள்ளூர்த் தயாரிப்பு அது. மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போகும் செய்திகளோடு சேர்ந்தே அதன் பெயரும் அச்சில் வருகிறது. பெரியப்பாவின் துவக்கில் ஓரடியை வெட்டி எறிந்தால், அது தோற்றத்தில் அந்தக் குடும்பத்தை நோக்கி நகர்ந்துவிடும். அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டது கொடுத்த நாளில் இருந்தபடியான அந்தத் துவக்குக்கு. வெட்டிய துவக்கைக் கொண்டுபோய்ப் புதுப்பிக்கக் கேட்கும் மனிதர், இலக்கம் ஒன்றாக இருந்தாலும், பொருள் ஏன் வேறாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். பன்றிக்காக வெட்டினேன் என்ற விளக்கத்தை நம்பக்கூடிய உத்தியோகத்தரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பன்றிக்காவது அது உதவுமா என்று பார்த்தாலும் விடை மாறாது. ஷாட்கன்னின் வாய்ப்பகுதியில் பெரும்பாலும் குழல் சற்று ஒடுங்கியிருக்கும், சொக் என்பார்கள். பன்னிரண்டு போரின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், முழுச் சொக் என்பது அதிலிருந்து ஒரு மில்லிமீற்றர் அளவுக்கே ஒடுங்குவது. அந்த ஒரு மில்லிமீற்றர்தான் சன்னங்களைக் கட்டிப் பிடித்து அனுப்புகிறது. சிறு சன்னத் தோட்டாவை 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுட்டுப் பார்க்கும் பழைய அளவுகோலின்படி, முழுச் சொக் உள்ள குழலில் நூற்றுக்கு 70 சன்னங்கள் வட்டத்துக்குள் விழும். ஒடுக்கமே இல்லாத குழலில் 40தான் விழும். குழலை வாய்ப்பக்கத்தில் வெட்டும்போது முதலில் போவது இந்த ஒடுக்கமே. விலகிப் போன சன்னம் பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி அடுத்த வயலுக்கு அனுப்பும். காயப்பட்ட பன்றி காலையில் களை பிடுங்க வரும் பெண்கள் மேல் பாயும். எங்கள் வட்டையில் அப்படி ஒரு காலை நடந்திருக்கிறது.

பரணுக்குள் திருப்ப முடியாது என்ற முறைப்பாட்டையும் நான் தட்டிவிட விரும்பவில்லை, ஏனென்றால் 46 அங்குலத் துவக்கோடு பரணில் குந்தியிருந்தவனுக்கு அது உண்மை என்று தெரியும். ஆனால் நீளமாக இருப்பதால் மெதுவாகத் திரும்புகிற வாய், குறுகலாக இருந்தால் அருகில் தூங்கும் மனிதரின் பக்கமும் எளிதாகத் திரும்பும். குறுகிய குழலில் வாய்த்தீ பெரிதாகத் தெரியும், இருட்டுக்குப் பழகிய கண் சில நிமிடங்களுக்கு ஒன்றையும் காணாது. முன்பாரம் குறைந்த துவக்கு தோளில் பலமாக உதைத்து வாயை மேலே தூக்கும். மோட்டார் சைக்கிள் விஷயத்துக்கு வந்தால், அதற்கு வெட்டு வேண்டியதே இல்லை. மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும் முன்கட்டையைக் கழற்றினால் மூன்று துண்டாகப் பிரியும். பழகிய கைக்கு அரை நிமிட வேலை. பிரித்து உறையில் வைத்துக் கட்டினால் மிக நீளமான துண்டு குழல் மட்டும்தான். பெரியப்பா அப்படித்தான் கொண்டு போவார். பக்கத்து வயல்காரர் அதைக் கவனித்ததில்லை போலும்.

நீளந்தான் உண்மையான குறை என்றால், அதற்குச் சட்டத்துக்குள்ளேயே மாற்று இருக்கிறது. தொழிற்சாலைகள் 26, 28, 30 அங்குலக் குழல்களோடு துவக்குச் செய்கின்றன. அதே வகைத் துவக்கில் 26 அங்குலக் குழல், 30 அங்குலத்தைவிட முழு நீளத்தில் நான்கு அங்குலம் குறையும்; பரணில் அந்த நான்கு அங்குலம் பெரிய வித்தியாசம். வேகத்தில் இழப்பது சொற்பம், ஏனென்றால் இக்காலத் தோட்டாவின் மருந்து குழலின் முற்பாதியிலேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. சொக்கும் அதனதன் வாயில் பத்திரமாக இருக்கும். ஆகவே அண்ணன் முன்னால் உண்மையில் இருந்த தெரிவு, பெரியப்பாவின் ஒற்றைக்குழலையே தன் பெயருக்குக் கேட்பதா, அல்லது அதை விட்டுவிட்டு ஒரு குறுகலான இரட்டைக்குழலுக்குப் புதிதாக விண்ணப்பிப்பதா என்பதே.

இரட்டைக்குழலின் பக்கம் உள்ள நியாயம் இரண்டாவது தோட்டா. முதல் வெடிக்குப் பன்றிக் கூட்டம் சிதறும்போது, காயப்பட்டதை அந்த இடத்திலேயே முடிப்பதற்கு அது உதவும். ஒரு குழலில் எஸ்.ஜி. எனப்படும் பெருஞ் சன்னம், மற்றதில் சிறு சன்னம் என்று வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. எதிர்ப்பக்கம் உள்ளவை பாரமும் விலையும். இன்னொன்று, நான் கூடுதலாக மதிப்பது: ஒரு தோட்டாவே இருப்பவன் இருட்டில் அசைவுக்குச் சுடமாட்டான், பார்த்துத்தான் சுடுவான். எங்கள் பக்கத்து வயல்களில் இரவில் அசைவது எல்லாம் பன்றி அல்ல. தண்ணீர் மாற்ற வருபவரும் அசைவார், மாடு தேடி வருபவரும் அசைவார். ஒற்றைக்குழலை நான் விரும்புவது சிக்கனத்துக்காக அல்ல, இதற்காக.

மற்ற ஆயுதங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். பல தோட்டாக்களை உள்ளே வைத்து அடுத்தடுத்துச் சுடும் ரிப்பீட்டர் துவக்கை விவசாயி நினைத்தும் பார்க்கக் கூடாது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தானியங்கித் துப்பாக்கிகளோடு சேர்த்து அவற்றையும் கடுமையான தண்டனைக்குள் கொண்டுவந்தது, அனுமதியின்றி வைத்திருந்தால் ஆயுட்சிறை வரை போகலாம். காற்றுத் துவக்கு குரங்கை விரட்டும், பன்றிக்கு உறைக்காது. கட்டுத்துவக்கு, அதாவது கம்பி தட்டினால் தானே வெடிக்கும்படி பாதையில் கட்டிவைப்பது, ஆள் இல்லாமல் காவல் காக்கும் என்பதால் சிலருக்குக் கவர்ச்சியானது. அதற்குப் பன்றியின் காலும் மனிதரின் காலும் ஒன்றே. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களை நம் ஊர்களில் கேட்டால், எல்லோரும் கண்ணிவெடியில் இழந்தவர்கள் அல்ல என்பது தெரியவரும்.

இதுவரை எழுதியது எல்லாம் பன்றிக்கு. யானைக்கு எந்தத் துவக்கும் வழி அல்ல, சட்டத்திலும் அல்ல, நடைமுறையிலும் அல்ல. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் யானை கடும் பாதுகாப்புள்ள விலங்கு. காட்டுப்பன்றி அந்தப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. பன்னிரண்டு போர்ச் சன்னம் பட்ட யானை அங்கே விழுவதில்லை. புண் சீழ் பிடித்து, மாதக்கணக்கில் நொந்து, மனிதரைக் கண்டால் ஓடாமல் எதிர்த்து வரும் யானையாக அது திரும்பி வருகிறது. 2023இல் இந்நாட்டில் செத்த யானைகள் 450ஐத் தாண்டின. யானையால் இறந்த மனிதர்கள் 150ஐத் தாண்டினார்கள். அந்த யானைகளில் துவக்குச் சூட்டிலும், தீனிக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடியிலும், கள்ள மின்கம்பியிலும் போனவை கணிசமானவை. யானை வெடி கொளுத்தி எறிவது முதல் சில இரவுகளுக்கு வேலை செய்யும், பிறகு யானை பழகிவிடும். எறிபவரின் விரல்கள் பழகுவதில்லை.

மின்வேலியைத் துவக்குக்குப் போட்டியாக வைத்துத்தான் வீட்டில் நீண்ட நேரம் பேசினோம். யானைத் தடுப்பைப் பற்றி 2020 டிசம்பரில் அரசிடம் கையளிக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டம் முன்வைத்த வழிகளில் முக்கியமானது, காட்டின் எல்லையில் அல்லாமல் ஊரையும் வயலையும் சுற்றி வேலி போடுவது. வயலுக்கான வேலியை விதைப்புக்குப் பின் நட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்தது அது. வேலியைப் பராமரிப்பவர்கள் அந்த வயலின் சொந்தக்காரர்களே என்பதுதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. சூரியத் தகட்டோடு இணைந்த கருவி ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை சில ஆயிரம் வோல்ட்டில் கண்சிமிட்டும் நேரத்துக்கு ஓர் அடியைக் கம்பியில் அனுப்பும், நோகும், கொல்லாது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின் நிலத்துக்குள் கசிந்து வேலி செத்துவிடும், ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது யாரேனும் அடிப்புல்லைச் செருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை நேரே கம்பியில் போடுவது இதுவல்ல. அது கொலைக்கருவி, பக்கத்து வீட்டுப் பிள்ளை இறந்தால் போட்டவர் கொலைக்குற்றத்துக்கு ஒப்பான வழக்கை எதிர்கொள்வார்.

யானைக்குப் போட்ட வேலி பன்றியைத் தடுக்காது என்பது பலர் பணம் செலவழித்த பின்னர் அறிவது. யானைக்குக் கம்பி நெஞ்சு உயரத்திலும் அதற்கு மேலும் வேண்டும். பன்றி அதற்குக் கீழே தலையைக் குனியாமலே போகும். பன்றிக்கு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி, அதன் மேல் இன்னொரு சாணில் மற்றொன்று. அந்தத் தாழ்ந்த கம்பியில்தான் புல் முதலில் முட்டும், அதனால்தான் பன்றி வேலிக்கு உழைப்பு இரட்டிப்பு. ஓர் ஏக்கரைத் தனியே சுற்றினால் கம்பிச் செலவு தாங்காது. அடுத்தடுத்த வயல்கள் சேர்ந்த கண்டம் முழுவதையும் சேர்த்துச் சுற்றினால் ஆளுக்கு விழும் பங்கு சிறிது. அதற்கு வயல்காரர்களின் பொறுப்பாளரான வட்டவிதானை முன்னின்று காசு சேர்க்க வேண்டும், முறை வைக்க வேண்டும், முறைக்கு வராதவரிடம் கோபிக்க வேண்டும். துவக்குக்கு ஒருவர் போதும். வேலிக்கு முப்பது பேர் ஒத்துப்போக வேண்டும்.

எங்கள் முடிவைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு அது பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். காட்டோரமாக வயலும், ஒத்துழைக்கும் கண்டமும் உள்ளவர் முதற்காசை வேலியில் போடுவதே நன்று. துவக்கு அதற்குத் துணை. கண்டத்தார் ஒத்து வராத இடத்தில், அனுமதியோடு கூடிய முழுநீள ஒற்றைக்குழலும் பரண் காவலுமே மிச்சம். வெட்டிய துவக்கு எந்தக் கணக்கிலும் முதலிடத்துக்கு வரவில்லை, கடைசிக்கு முந்திய இடத்துக்கும் வரவில்லை. தனிநபர் பாதுகாப்புக்கென்று துவக்குக் கேட்பதும் எங்களுக்குரிய பாதை அல்ல. அது பாதுகாப்பு அமைச்சின் வழியே போவது, 2024இன் இறுதியில் அவ்வாறு வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காகத் திருப்பிக் கையளிக்கும்படி அமைச்சு கேட்டதும் நினைவிருக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதி மாவட்டச் செயலாளரிடம் கேட்பது. அண்ணனின் விண்ணப்பத்தோடு காணி உறுதியின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் பரிந்துரை, கமநல சேவை நிலையத்தில் வயல் பதிந்த சான்று, பெரியப்பாவின் மரணச் சான்றிதழ், பொலிஸ் கொடுத்த பற்றுச்சீட்டின் பிரதி ஆகியவற்றை இணைத்தோம். பொலிஸ் அறிக்கை தனியே போகும் என்றார்கள்.

அறிக்கைக்கு வந்த உத்தியோகத்தர் பெரியப்பாவின் பழைய அனுமதிப்பத்திரத்தையும் நிலையத்தில் இருந்த துவக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இலக்கத்தை வாய்விட்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஓர் இரும்பு நாடாவை எடுத்துக் குழலை அளந்து புத்தகத்தில் எழுதினார். எங்களுடைய தையல் நாடா காட்டிய அதே முப்பதுதான். அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைக்கும்போது மட்டும், "பக்கத்து வயல்காரரும் வேலிக்குப் பங்கு போடுறாராம், நேத்துச் சொன்னார்" என்றார்.